உயிரில்லா ஒட்டுவாரொட்டிகள்



கவிதை அரங்கேறும் மன்றத்தில் நோய்க்காரணிகள் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கான விடை ஒரு வினைச்சொல்லில் அடங்கியுள்ளது. "கொல்லுதல்" என்பது அச்சொல். குடிநீரைக் கொதிக்கவைக்கும்போதும், மருத்துவமனையில் கத்தியை ஆவியில் வேகவைக்கும்போதும், கிணற்றில் குளோரின் தூளைக் கரைக்கும்போதும் "கிருமியைக் கொல்லுதல்" என்றே தமிழர் சொல்கின்றனர். கடையில் விற்கும் புட்டியின்மேல் "கிருமிநாசினி" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கிருமி என்பது புழுவைக் குறித்து வந்த வடசொல். புழுவுக்கு உயிர் உண்டு, உயிருள்ளது கொல்லத்தக்கது. காலரா, காசநோய் ஆகியவற்றின் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசும்வரை இவ்வினைச்சொல்லால் எந்தக் கேடும் விளையவில்லை. ஆயின் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உயிர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாமலே ஓருடலிலிருந்து மற்றோருடலுக்குத் தொற்றவல்ல இரண்டு பொருள்கள் அறியப்பட்டன. ஒன்று வைராய்டு, மற்றொன்று பிரியான். இரண்டும் வைரசைவிட எளிய அமைப்புடையவை. பல்கலைக்கழக வகுப்பில் இவற்றைக் கற்பிக்க முற்படும் ஆசிரியர் முதலில் முட்டிக்கொள்வது சொல்லின்மேல்தான். சொல்லையே தொழிலாகக் கொண்டோர் கூடிய இவ்வவைக்கு அதனால்தான் இப்பொருள் கொண்டுவரப்படுகிறது.

சொல்லில் நேரும் பிழை வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்த ஒன்று 1977ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. குரூட்சுஃபெல்ட்-யாக்கோப் நோய் என்னும் மூளை நோயால் துன்புற்ற ஒருவரின் மூளையில், அதன் மின்னலைகளைப் பதிவுசெய்ய மெல்லிய வெள்ளி மின்முனைகள் செருகப்பட்டன. பின்னர் அம்மின்முனைகள் தூய்மை செய்யப்பட்டு, 70 விழுக்காட்டு ஆல்ககாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் வைக்கப்பட்டன. அவையே வலிப்பு நோயுற்ற இளையோர் இருவரின் மூளையில் செருகப்பட்டன. இருவரும் அதே மூளை நோய்க்கு ஆளாயினர். இரண்டாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்பு அதே மின்முனையை ஒரு சிம்பன்சிக் குரங்கின் மூளையில் வைத்துப் பார்த்தபோது, அதற்கும் நோய் வந்தது. மருத்துவமனையினர் கவனக்குறைவாக இருந்தனர் என்று சொல்ல இயலாது. கிருமியைக் கொல்லும் வழக்கமான முறைகள் கையாளப்பட்டன. கொல்லப்படுவதற்கு அங்கே எதுவும் இல்லை. சிதைக்கப்பட வேண்டிய ஒன்று மட்டுமே இருந்தது. ஃபார்மால்டிஹைடு புரதத்தைச் சிதைப்பதில்லை. அதை இறுக்கி நிலைநிறுத்துகிறது.

வைரஸ் என்னும் சொல்லின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. இலத்தீனில் அதற்கு நஞ்சு என்பதே பொருள். 1892இல் இவனோவ்ஸ்கி என்னும் உருசிய அறிஞர், புகையிலையில் தேமல் நோயை உண்டாக்கும் சாறு, பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்வதைக் கண்டார். 1898இல் டச்சு அறிஞர் பெய்யரிங்க் அக்காரணிக்கு வைரஸ் என்ற பழஞ்சொல்லை வழங்கினார். 1935இல் வெண்டல் ஸ்டான்லி அதனை உப்பைப்போல் படிகமாக்கிக் காட்டினார். படிகமாவது உயிருள்ளதா என்ற வழக்கு அன்று தொடங்கியது. இன்றும் தீர்ப்பு எழுதப்படவில்லை. தமிழில் இதற்கு "நச்சுயிரி" என்று கலைச்சொல் ஆக்கினர். ஓசைநயம் மிக்க ஆக்கம். சொல்லாக்கத்தில் தேர்ந்தவர் கைவேலை என்பதில் ஐயமில்லை. எனினும் நஞ்சு என்னும் முற்பாதி மட்டுமே மூலத்தில் உள்ளது. உயிரி என்னும் பிற்பாதி தமிழ் சேர்த்தது. அறிவியல் முடிவு சொல்லாத வழக்கில் கலைச்சொல் முந்திக்கொண்டு முடிவு சொல்லிவிட்டது. பின்னர் வந்த "தீநுண்மி" என்னும் சொல் உயிர் பற்றி வாய் திறப்பதில்லை. அவ்வகையில் அது பாதுகாப்பானது. ஆனால் மாணவர் நாவில் நச்சுயிரியைப் போல் எளிதாக அமரவில்லை.

பெரியசாமித் தூரன் என்னும் கவிஞரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது தமிழ்க் கலைக்களஞ்சியம். அறிவியலுக்குத் தமிழ் தந்த பணியில் பாவலர்க்கு இருந்த பங்கை எடுத்துக்காட்ட இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அதன் இறுதித் தொகுதி வெளிவந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே வைராய்டு என்ற சொல் பிறந்தது. பிரியான் பிறக்க மேலும் பதினோராண்டுகள் ஆயின. தூரன் காலத்து அறிஞர் குழுவின் முன் இவ்விரு சொற்களும் வரவேயில்லை. வந்திருந்தால் என்ன பெயர் சூட்டியிருப்பர் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

ஏட்டில் ஏறிய கலைச்சொற்களுக்கு முன்பே மக்கள் வழக்கில் ஒரு சொல் இருந்தது: "ஒட்டுவாரொட்டி". ஒட்டுவாரிடத்து ஒட்டிக்கொள்வது என்பது அதன் பொருள். அம்மை, சொறி, கண்வலி அனைத்தையும் இச்சொல்லால் குறித்தனர். ஒட்டுவது புழுவா, நஞ்சா, உயிரா, உயிரற்றதா என்று அச்சொல் உறுதி கூறவில்லை. அது செய்யும் செயலை மட்டும் சொல்லி நின்றுகொண்டது. அறியாமையால் அமைந்த அடக்கம் என்று சிலர் கூறக்கூடும். எவ்வாறாயினும், வைராய்டுக்கும் பிரியானுக்கும் பொருந்தும் தமிழ்ச்சொல் பழைய வழக்கில் இது ஒன்றே. மாணவர்க்குப் பாடத்தைத் தொடங்கும்போது "இது எவ்வகை உயிர்?" என்று கேட்காமல் "இது எவ்வாறு ஒட்டுகிறது, எதனால் சிதைகிறது?" என்று கேட்பதே முறை. மரபியலில் தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கினார். புல்லும் மரமும் ஓரறிவுடையவை. அந்த ஏணியின் முதற்படிக்குக் கீழே தரையில் கிடப்பவை இவை.

முதலில் வைராய்டு. உருளைக்கிழங்கு உருண்டையாக விளையாமல், நூல் நூற்கும் கதிரைப்போல் இருமுனையும் கூம்பி நீண்டுவிடும் நோய் ஒன்று வட அமெரிக்காவில் 1920களிலேயே அறியப்பட்டிருந்தது. ஏதோ ஒரு வைரசே காரணம் என்று அரை நூற்றாண்டுக் காலம் நம்பப்பட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தியோடார் டீனர் அந்த நம்பிக்கையைப் படிப்படியாகச் சோதித்தார். நோயுற்ற செடியின் சாற்றை மிகுவிரைவில் சுழற்றினால் வைரஸ் அடியில் படியவேண்டும். இக்காரணி அவ்வாறு படியவில்லை, அத்துணைச் சிறியது. புரதத்தைச் சிதைக்கும் நொதியால் அதன் நோயாற்றல் குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியாலும் குறையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி பட்டவுடன் ஆற்றல் அழிந்தது. புரத உறையே இல்லாத, வெறும் ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்று நோய் செய்கிறது என்பதே எஞ்சிய முடிவு. 1971இல் அவர் அதற்கு வைராய்டு, அதாவது வைரஸ் போன்றது, என்று பெயரிட்டார். பெயரளவில் அவரும் பழைய சொல்லைவிட்டு முழுதும் விலகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வைராய்டு என்றால் "சின்ன வைரஸ்" என்று மாணவர் விடைத்தாளில் எழுதுவதற்குப் பெயரும் ஒரு காரணம்.

1978இல் செருமானிய ஆய்வாளர்கள் அதன் முழு எழுத்து வரிசையையும் படித்தனர். மொத்தம் 359 எழுத்துகள். புகையிலைத் தேமல் வைரசில் ஏறத்தாழ 6,400 எழுத்துகள். 2020இல் உலகையே வீட்டுக்குள் அடைத்த கொரோனா வைரசில் ஏறத்தாழ 30,000. இந்த எண்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபின் ஆசிரியர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இந்த 359 எழுத்துகள் எந்தப் புரதத்தைச் செய்யச் சொல்கின்றன? எதையும் இல்லை என்பதே விடை. மரபணு எழுத்து என்றால் புரதத்துக்கான செய்தி என்று பள்ளியிலிருந்து படித்துவந்த மாணவர் இங்கே தடுமாறுவர். அத்தடுமாற்றத்தை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காமல் சிறிது நேரம் வகுப்பில் நிற்கவிடுவது நல்லது. பொருளே இல்லாத எழுத்துத் தொடர் தன் வடிவத்தால் மட்டுமே வேலை செய்கிறது. செடியின் உட்கருவில், செடியின் சொந்த மரபணுக்களைப் படியெடுப்பதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. வைராய்டு அந்த நொதியைத் தன்னைப் படியெடுக்க வைத்துவிடுகிறது. ஓலைச் சுவடியைப் பெயர்த்தெழுதும் எழுத்தர், கட்டுக்குள் எவரோ செருகிய ஓர் ஏட்டையும் பொருள் நோக்காமல் படியெடுத்துவிடுவது போன்றது இது.

அதன் வடிவமும் பாவலர்க்கு அறிமுகமானதே. தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம் அது. ஆனால் வட்டமாக விரிந்து நிற்பதில்லை. ஒரு பக்கத்து எழுத்துகள் எதிர்ப்பக்கத்து எழுத்துகளோடு இணைந்துகொள்வதால் கோல்போல் மடிந்துவிடுகிறது. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றில் அடியின் முதலெழுத்தும் இறுதியெழுத்தும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். மாலைமாற்றில் எதிர் நிற்பது அதே எழுத்து; வைராய்டில் எதிர் நிற்பது இணையெழுத்து. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் உவமை பாடத்தைக் கெடுத்துவிடும்.

இத்துணைச் சிறியது என்ன செய்துவிட முடியும் என்று எண்ணுவோர்க்குப் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தென்னந்தோப்புகளைக் காட்டவேண்டும். அங்கே 246 எழுத்துகளே கொண்ட ஒரு வைராய்டு மூன்று கோடிக்கு மேற்பட்ட தென்னைகளை அழித்துவிட்டது. காய் சிறுத்து உருண்டையாகும். பின்பு காய்ப்பே நிற்கும். ஓலையில் மஞ்சட் புள்ளிகள் பரவும். பல ஆண்டுகள் நின்று மரம் பட்டுப்போகும். தஞ்சைப் பகுதியில் தென்னையைத் தாக்கும் வாடல் நோய்க்குக் காரணமான காளான் அடிமரத்தில் குடைபோல் முளைத்து உழவரின் கண்ணுக்கே தெரிந்துவிடும். பிலிப்பைன்ஸ் உழவர்க்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்கள் பிக்கோல் மொழியில் இறப்பதைக் குறிக்கும் சொல்லை இரட்டித்து நோய்க்குப் பெயரிட்டனர். அப்பெயரே சற்றுத் திரிந்து "கடாங்-கடாங்" என்று அறிவியல் நூல்களில் ஏறிவிட்டது. காரணி வைராய்டு போன்றது என்று 1975இல் ஆய்வாளர் கண்டறிவதற்கு நெடுநாள் முன்பே உழவர் இட்ட பெயர் அது. இதுவும் ஒட்டுவாரொட்டி போன்றே, செயலை மட்டும் சொல்லும் பெயர்.

இனிப் பிரியான். வைராய்டு ஆர்.என்.ஏ. மட்டும், பிரியான் புரதம் மட்டும். இப்பகுதியைக் கற்பிப்பது கடினம். ஆய்வாளர்களே இருபதாண்டுகளுக்குமேல் ஒரு தவறான சொல்லின் பின்னால் சென்ற வரலாறு இது.

பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் ஃபோரே இன மக்களிடையே "கூரு" என்றொரு நோய் இருந்தது. நடுக்கம் என்பது அச்சொல்லின் பொருள். (தமிழில் முதலெழுத்தைக் குறிலாக எழுதிவிட்டால் ஆசான் என்று படும், அச்சுப் பார்ப்பவர் விழிப்பாக இருக்கவேண்டும்.) நோயாளி நடக்கத் தடுமாறுவார், நடுங்குவார், ஓராண்டளவில் இறப்பார். இறந்த உறவினரின் உடலை உண்டு அவருக்கு அன்பு செலுத்தும் ஈமச்சடங்கு அங்கே நிலவியது. மூளை முதலான பகுதிகள் பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சென்றமையால் அவர்களே மிகுதியாக நோயுற்றனர். 1957இல் வின்சென்ட் சிகாசும் கார்ல்டன் கைடுசெக்கும் இந்நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். அவ்வாண்டு முதல் பதிவான நோயாளிகள் மட்டும் 2,700க்கு மேற்பட்டோர். மக்களின் உறவுமுறையையும் சடங்கையும் ஆராய்ந்த ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்னும் மானிடவியலார் இல்லாவிடில் நோய் பரவிய வழி விளங்க இன்னும் காலம் பிடித்திருக்கும். சடங்கு 1950களின் இறுதியில் நின்றது. அதற்குப்பின் பிறந்தோர்க்கு நோய் வரவில்லை. அதற்குமுன் உண்டோரில் ஒருசிலர்க்கு 40, 50 ஆண்டுகள் கழிந்தபின்பும் வந்தது.

1959இல் இலண்டனில் நடைபெற்ற ஒரு கண்காட்சியில் கூரு நோயாளியின் மூளைப் படங்களைக் கண்டார் வில்லியம் ஹாட்லோ என்னும் கால்நடை மருத்துவர். பஞ்சைப்போல் துளைகள் நிறைந்த அத்தோற்றத்தை அவர் முன்பே வேறோரிடத்தில் பார்த்திருந்தார். ஸ்கிரேப்பி என்னும் நோயால் செத்த செம்மறியாட்டின் மூளை அது. மனித மருத்துவர் எவரும் காணாத ஒப்புமையை ஆட்டு மருத்துவர் கண்டார். ஸ்கிரேப்பி தொற்றும் என்பது தெரிந்ததே. கூருவும் தொற்றுமா என்று குரங்குகளில் சோதிக்க வேண்டும் என அவர் எழுதினார். 1966இல் சிம்பன்சிகளுக்குக் கூரு தொற்றியது என்ற செய்தி வெளியானது. கைடுசெக் 1976இல் நோபெல் பரிசு பெற்றார்.

பெயரில் நேர்ந்த பிழை இவ்விடத்தே தெரிகிறது. இந்நோய்களின் காரணிக்கு அவர்கள் இட்ட பெயர் "மெதுவைரஸ்". வைரஸ் என்று பெயரிட்டதும் வைரசைத் தேடினர். அதன் மரபணுவைத் தேடினர், உறையைத் தேடினர், கிடைக்கவில்லை. கிடைக்காதபோது "மரபு மீறிய வைரஸ்" என்று அடைமொழியை மாற்றினரேயன்றிப் பெயர்ச்சொல்லை விடவில்லை. அதே காலத்தில் இலண்டனில் டிக்வா ஆல்பர் என்னும் கதிரியல் அறிஞர் ஸ்கிரேப்பிக் காரணியின்மேல் புறஊதாக் கதிரைச் செலுத்தினார். எந்த நியூக்ளிக் அமிலத்தையும் குலைக்கத்தக்க அளவு கதிர் பட்டும் அது நோய் தந்தது. நியூக்ளிக் அமிலம் இல்லாமலே பெருகுகிறதோ என்று 1967இல் அவர்தம் குழுவினர் வினவினர். அவ்வாண்டே கிரிஃபித் என்னும் கணித அறிஞர், புரதமே தன்னைப் பெருக்கிக்கொள்ள வழியுண்டு என்று தாளில் கணக்கிட்டுக் காட்டினார். ஓர் அம்மையாரின் சோதனையும் ஒரு கணக்கரின் தாளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. எனினும் பதினைந்து ஆண்டுகள் அவை பெரும்பாலோர் காதில் ஏறவில்லை.

1972இல் கலிபோர்னியாவில் பயிற்சி மருத்துவராக இருந்த ஸ்டான்லி புரூசினர், குரூட்சுஃபெல்ட்-யாக்கோப் நோயாளி ஒருவர் இறப்பதைக் கண்டு இத்துறையில் இறங்கினார். புரதத்தைச் சிதைக்கும் முறைகளால் நோயாற்றல் குறைவதையும், நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் முறைகளால் குறையாததையும் காட்டி, 1982இல் பிரியான் என்னும் பெயரை வெளியிட்டார். புரதம், தொற்று ஆகியவற்றைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைச் சேர்த்தால் "புரோயின்" என்றுதான் வரும். ஓசை நன்றாக இல்லை என்று இரண்டு உயிரெழுத்துகளை இடம் மாற்றிப் பிரியான் என்று அமைத்தார். செவிக்காக எழுத்தை மாற்றும் உரிமை செய்யுளுக்கு மட்டுமே உரியதன்று போலும். தமிழுக்கோ இதில் எதிர்பாராத பேறு ஒன்று கிடைத்தது. பிரியான் என்றால் தமிழில் "பிரியமாட்டான்" என்று பொருள். உலோகத்தில் ஒட்டினால் எளிதில் பிரியாதது என்பதே இக்காரணியின் கொடிய இயல்பு. மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளத்தக்க பெயர்.

1985இல் இன்னொரு வியப்பு வந்தது. பிரியான் புரதத்துக்குரிய மரபணு வெளியிலிருந்து வருவதன்று. நோயில்லாத உடலிலும் அது இருக்கிறது. நோய் தரும் புரதமும் நோய் தராத புரதமும் ஒரே மரபணுவின் பிள்ளைகள். 1993இல் சூரிச் ஆய்வாளர்கள் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஸ்கிரேப்பி தொற்றவில்லை என்று காட்டினர். மாணவர்க்கு ஒரேயொரு சோதனையைத்தான் சொல்ல நேரம் உண்டு என்றால் இதைச் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வந்த ஒன்று தானே பெருகியிருந்தால், எலியிடம் அந்த மரபணு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? புரூசினர்க்கு 1997இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வைராய்டையும் பிரியானையும் வேறு வேறு நாளில் கற்பிப்பதைவிட ஒரே வகுப்பில் எதிரெதிராக வைப்பது மேல். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி வைராய்டை அழிக்கும், பிரியானைத் தீண்டாது. வைராய்டுக்குத் தீங்கில்லாத புரதச் சிதைவு பிரியானைக் குலைக்கும். ஒன்றுக்கு நஞ்சாவது மற்றதற்கு நீர். பாடநூல்களிலோ இவை பெரும்பாலும் வைரஸ் இயலின் கடைசிப் பக்கத்தில் பின்னிணைப்புப் போல் ஒடுங்கிக் கிடக்கின்றன. தேர்வுக்கு முன்னாள் இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்யப்படுகின்றன. மரபுச் செய்தி நியூக்ளிக் அமிலத்திலிருந்து புரதத்துக்குச் செல்லும், புரதத்திலிருந்து திரும்பாது என்று 1958இல் பிரான்சிஸ் கிரிக் வகுத்த விதியைப் படித்த மறுநாளே இவற்றைப் படித்தால், அவ்விதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது விளங்கும். பிரியான் அவ்விதியை உடைத்துவிட்டது என்று சில வகுப்புகளில் கூறப்படுவதுண்டு. அது பிழை. ஒரு புரதம் மற்றொரு புரதத்துக்கு எழுத்து வரிசையைத் தருவதில்லை. வடிவத்தை மட்டும் தருகிறது.

வடிவத்தைத் தருவது என்றால் என்ன? இங்கேதான் உவமை தேவைப்படுகிறது. உவமை வழிதவறுவதும் இங்கேதான். பாவலர்க்கு முதலில் தோன்றுவது பிரிமொழிச் சிலேடை. "பலகை" என்று எழுதியதைப் பலகை என்றும் படிக்கலாம், பல கை என்றும் பிரிக்கலாம். ஓர் எழுத்தும் மாறவில்லை. நோய் தராத புரதமும் நோய் தரும் புரதமும் அவ்வாறே: அமினோ அமில வரிசை ஒன்றே, மடிப்பு வேறு. இதுவரை உவமை செம்மையாக நடக்கிறது. ஆனால் ஒரு பாட்டில் பலகையைப் பல கை என்று ஒருவர் பிரித்ததால் பக்கத்து ஏட்டில் உள்ள பலகைகளெல்லாம் பிரிந்துவிடுவதில்லை. பிரியானில் பிரிந்துவிடுகின்றன. தவறாக மடிந்த ஒன்று, சரியாக மடிந்த மற்றொன்றைத் தொட்டுத் தன்னைப்போல் மடிக்கிறது. அவ்விரண்டும் மேலும் இரண்டை மடிக்கின்றன.

உடனே வகுப்பில் எவரேனும் "பாலில் உறை ஊற்றுவதுபோல்" என்பார். வீட்டில் நாள்தோறும் காணும் காட்சி; ஒரு துளி மோர் குடம் பாலையும் தயிராக்குகிறது. மிகப் பொருத்தமாகத் தோன்றும் இவ்வுவமையை ஆசிரியர் ஏற்கலாகாது. உறைமோரில் உள்ளவை உயிருள்ள பாக்டீரியாக்கள். அவை பால் சர்க்கரையை உண்கின்றன, பெருகுகின்றன, கொதிக்கவைத்தால் சாகின்றன. எந்த உயிரை வெளியே அனுப்புவதற்காக இவ்வளவு நேரம் பாடம் நடந்ததோ, அதை உறைமோர் பின்வாசல் வழியே அழைத்து வந்துவிடும். இதனினும் செம்மையான உவமை கற்கண்டு. கெட்டியான சர்க்கரைப் பாகில் நூல் கட்டி ஒரு துணுக்குக் கற்கண்டை இட்டால், பாகில் கரைந்து கிடந்த சர்க்கரை அத்துணுக்கின் ஒழுங்கிலேயே அதன்மேல் படிந்து வளரும். துணுக்குக்கு உயிரில்லை, பசியில்லை, அது எதையும் செய்யவுமில்லை. அதன் வடிவமே பாகுக்கு வழிகாட்டுகிறது. கற்கண்டு உவமைக்கும் எல்லை உண்டு. சர்க்கரை தன் மூலக்கூற்று வடிவை மாற்றிக்கொள்வதில்லை, அடுக்கிக்கொள்கிறது. பிரியானிலோ புரதம் மடிப்பே மாறி அடுக்காகிறது. உவமேயத்தோடு எங்கே பிரிகிறது என்று கூறப்படாத உவமை வகுப்பில் பாதி உண்மைதான்.

இந்நோய் எவ்வாறு தொடங்குகிறது என்பதற்கும் கற்கண்டு உதவுகிறது. எவரும் துணுக்கு இடாமலே பாகு சில வேளை தானே உறைந்துவிடுகிறது. உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர்க்குக் குரூட்சுஃபெல்ட்-யாக்கோப் நோய் வருகிறது. பெரும்பாலோர்க்கு எவரிடமிருந்தும் தொற்றவில்லை. சிலர்க்கு மரபணுக் குறையால் குடும்பத்தில் வருகிறது. மிகச் சிலர்க்கே தொற்றால் வருகிறது. ஒரே நோய் தானாகவும், வழிவழியாகவும், தொற்றாகவும் வரும் என்பது கிருமி என்ற சொல்லுக்குள் அடங்காத செய்தி. பிரித்தானியாவில் 1986இல் மாடுகளின் மூளை நோய் கண்டறியப்பட்டது. செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகக் கொடுத்ததால் அது பரவியது. அத்தீவனம் வெப்பத்தில் வெந்த பின்னரே மாட்டுக்குத் தரப்பட்டது. 1,80,000க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதிசெய்யப்பட்டது. மனிதர்க்கும் அது தொற்றியிருக்கலாம் என்று 1996இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அந்நாட்டில் அவ்வாறு இறந்தோர் 178 பேர்; பெரும்பாலோர் இளையோர். ஃபோரே மக்களின் சடங்கைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிய நாகரிக உலகம், புல் தின்னும் மாட்டை மாடு தின்னவைத்தது.

வகுப்பிலிருந்து ஆய்வகத்துக்குச் செல்லும் மாணவர் கையில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்பது இதனால்தான் பெரிதாகிறது. நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் கருவிகளை 121 பாகை செல்சியசில் கால் மணி நேரம் ஆவியில் வைப்பது வழக்கம். அது கொல்லப் போதும். பிரியானுக்குப் போதாது. 134 பாகையில் 18 நிமிடம், அல்லது செறிவான சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் என்று விதித்துள்ளனர். அவையும் முழு உறுதி தருவன என்று எவரும் கையெழுத்திடுவதில்லை. இயன்றவிடத்தில் கருவியையே எரித்துவிடுகின்றனர். பிரான்சில் ஓர் ஆய்வகத்தில் 2010இல் பிரியான் ஏறிய எலியின் மூளையைக் கையாண்டபோது விரலில் குத்துப்பட்ட இளம் பணியாளர் ஒருவர், ஏழாண்டுகளுக்குமேல் எந்தக் குறியும் இல்லாமல் இருந்து, பின்னர் நோயுற்று 2019இல் இறந்தார். இரண்டு கையுறைகள் அணிந்திருந்தும் குத்து உள்ளே சென்றது. உருளைக்கிழங்கு வைராய்டும் வெட்டும் கத்தியிலேறி அடுத்த செடிக்குச் செல்வது. கத்தியைத் துடைத்தாயிற்று, கொதிநீரில் காட்டியாயிற்று, கிருமி செத்தது என்று சொல்லும் பழக்கத்தைத் தமிழ்வழி மாணவர் மட்டுமன்றி ஆங்கிலவழி மாணவரும் விடவேண்டும். அங்கும் அதே வினைச்சொல்தான் ஆட்சி செய்கிறது. "சிதைத்தல்" என்ற சொல் கொல்லுதலைப்போல் வீரம் உடையதன்று. அது எதைச் சிதைப்பது, எதனால் சிதைப்பது என்று அடுத்த வினாவைக் கேட்கவைக்கிறது, கொல்லுதல் கேட்கவைப்பதில்லை.

இப்பட்டியல் இன்னும் முடியவில்லை. 2024இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மனிதரின் வாயிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்களின் எழுத்துக் குவியல்களைக் கணிப்பொறியில் அலசியபோது, ஏறத்தாழ 1,000 எழுத்துகள் கொண்ட வட்ட ஆர்.என்.ஏ.க்கள் பலவற்றைக் கண்டனர். வைராய்டு போல் கோலாக மடிபவை. ஆனால் வைராய்டு போலன்றி ஒரு புரதத்துக்கு எழுத்தும் வைத்திருப்பவை. தீமை செய்கின்றனவா, நன்மை செய்கின்றனவா, வெறுமனே குடியிருக்கின்றனவா என்பது ஆய்வில் உள்ளது. அவற்றுக்கு உயிர் என்றோ, நஞ்சு என்றோ, வைரஸ் என்றோ அவர்கள் பெயரிடவில்லை. வடிவத்தை மட்டும் நோக்கி, எகிப்து நாட்டில் அரசர்கள் நிறுத்திய நெடிய ஒற்றைக் கற்றூணின் பெயரை இட்டனர். தமிழில் அதற்கு நடுகல் என்றால் இறந்த வீரன் நினைவு வந்துவிடும். கந்து என்றால் யானையும், கந்துடைப் பொதியிலில் உறையும் தெய்வமும் வந்துவிடும். தூண் என்றால் எதைத் தாங்குகிறது என்று மாணவர் கேட்பர். இம்மன்றத்துப் பாவலர்கள் ஒரு பெயர் சொல்லட்டும்.